மேல்மாடி அறையில் இருந்தவளைப் பற்றி, என் மகனுக்கு

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. உன்னைப் பெறப்போகிறவளுக்குப் பதினாறு வயதும் நான்கு மாதமும் ஆகிறது. வளர்ந்த பிள்ளைக்குத் தாய்மார் நீளமாகக் கடிதம் எழுதுவது பெரும்பாலும் ஒரு கல்யாணத்துக்கு முன்புதான். இதுவும் அப்படித்தான். ஆனால் கல்யாணம் உன்னுடையது அல்ல, என்னுடையது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, மாத்தளை நகரில் எங்கள் வீட்டு முன்ஹோலில் நிக்காஹ். இன்று புதன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். வாப்பா மிளகும் கராம்பும் மூட்டை கட்டி வைக்கும் அறையில் இருந்துகொண்டு, கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் முக்கோணங்கள் இருக்கின்றன. வாப்பா இருமினால்கூட என் கை தானாகவே கொப்பியைத் திருப்பிவிடுகிறது. பயமாக இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பயந்தவள் எழுதியது என்று தெரிந்தே நீ வாசிக்க வேண்டும்.

உன்னை எனக்கு அறிமுகப்படுத்தியவர் மாப்பிள்ளையின் தாய். நாலந்தாவுக்குப் போகும் வழியில், வெளிநாட்டுக்காரருக்கு ஏலமும் கறுவாவும் காட்டி விற்கும் ஸ்பைஸ் கார்டன் அவர்களுடையது. எங்கள் வீட்டுக்கு வந்த அன்று என் கன்னத்தைக் கிள்ளி, "அடுத்த வருஷம் இந்நேரம் உன்ட கையில ஒரு ஆம்புளப் புள்ள ஈக்கும், பாரு" என்றார். அந்த ஆம்பிளைப் பிள்ளை நீ. எல்லோரும் சிரித்தார்கள். நீ எப்போது வரவேண்டும், யாருக்கு மகனாக வரவேண்டும் என்பதையெல்லாம் வட்டிலப்பம் சாப்பிட்டபடியே முடிவு செய்துவிட்டார்கள். சரி, முடிவு செய்யட்டும். ஆனால் உன்னோடு முதலில் பேசுவது நானாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இந்தக் கல்யாணம் என் வாயால் வந்தது, மகனே. அதை மறைத்தால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். பாடசாலையில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். "சரித்திரத்தில் ஒரு பெண்" என்பது தலைப்பு. மற்றவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர்களை எடுத்தார்கள். நடுவர்கள் கேள்விப்பட்டிராத ஒருவரை எடுக்க வேண்டும் என்பது என் கர்வம். நூலகத்தில் அமெரிக்க ஜனாதிபதிகளைப் பற்றி ஒரு பழைய புத்தகம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜனாதிபதியாக இருந்த ஒருவரின் மனைவிக்கு அதில் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அவர் செருப்புத் தைப்பவரின் மகள். பதினாறு வயதில் கல்யாணம். மாப்பிள்ளை பதினெட்டு வயதுத் தையல்காரர், பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். தட்டுத்தடுமாறி வாசிப்பாரே தவிர எழுத வராது, கணக்கும் சரியாக வராது. அவர் துணி தைக்கும்போது மனைவி பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டினார். எழுதப் பழக்கினார், கணக்குப் பழக்கினார். அந்தத் தையல்காரர் ஊருக்கு மேயராகி, மாநிலத்துக்கு கவர்னராகி, கடைசியில் நாட்டுக்கே ஜனாதிபதியானார்.

நான் எழுதிய பேச்சின் கடைசி வரி இது: "ஆனால் அந்தப் பதினாறு வயதுப் பெண் என்னவாக விரும்பினாள் என்று இந்தப் புத்தகத்தில் யாரும் எழுதவில்லை." எங்கள் ஆங்கில டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நல்லவர். கொப்பியைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, மூண்டு நிமிஷம்தான் தருவினம். இந்த வரியை வெட்டிவிடும். சனம் கைதட்டுற மாதிரி முடிச்சால்தான் பரிசு" என்றார். வெட்டினேன். அவர் சொன்னார், ஆனால் வெட்டியது என் பேனா. அதற்குப் பதிலாக, ஒரு பெண்ணின் பொறுமை தையல்காரரை நாட்டின் தலைவராக்கியது என்று முடித்தேன். சனம் கைதட்டியது. முதல் பரிசும் கிடைத்தது. பரிசளிப்பு விழாவில் அதையே மறுபடி பேசச் சொன்னார்கள். தன் தம்பி மகள் பரிசு வாங்குவதைப் பார்க்க வந்த ஸ்பைஸ் கார்டன் மாமி இரண்டாவது வரிசையில் இருந்தார்.

அவருடைய மகனுக்கு இருபத்து நான்கு வயது. எட்டாம் வகுப்போடு நின்றவர். வெள்ளைக்காரரோடு காதால் கேட்டுப் பழகிய ஆங்கிலம் பேசுவார், எழுதச் சொன்னால் வியர்த்துவிடும். இதையெல்லாம் மாமியே சொன்னார். அடுத்த ஞாயிறு பெரிய தட்டு நிறைய வட்டிலப்பத்தோடு வந்திருந்தார். "மேடையில நீ செல்லச் செல்ல எனக்குக் கண்ணீரே வந்திட்டு மகள். அப்புடி ஒரு புள்ளையத்தான் எண்ட மகனுக்குத் தேடினேன். அந்த வெள்ளக்காரப் புள்ளைக்கும் பதினாறுதானே?"

வாப்பாவுக்கு முகம் மலர்ந்தது. "எங்கட ஊட்டுக்குள்ளயே ஒரு டீச்சர் ஈக்கிறா எண்டு எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றார். சாச்சா, அதாவது வாப்பாவின் தம்பி, எதிலும் விளையாட்டுத்தான். "மருமகன் ஜனாதிபதியாகினா மொதல்ல எனக்கு ஆத்து மண் அள்ள ஒரு பெர்மிட் எடுத்துத் தரச் செல்லுங்க மாமி!" மறுபடி சிரிப்பு. நிக்காஹ்வை இப்போதே முடித்துவிடுவது, என்னை அனுப்புவது பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சைக்குப் பிறகு என்று பேசினார்கள். சற்று நேரத்தில் மாமி, "பரீட்சை என்னத்துக்கு? அவ பழக்கப்போறது எண்ட மகனுக்குத்தானே, அதுக்கு சர்ட்டிபிகேட் வாணா" என்றார். பரீட்சையும் போய்விட்டது.

வாப்பா கெட்டவர் அல்ல. இதை நீ கவனமாக வாசிக்க வேண்டும், ஏனென்றால் அவர் உன் மூத்தாப்பா. போன வருடம் யட்டவத்த சந்தையில் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசுக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். அதன்பிறகு படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார். தான் கண்மூடுவதற்குள் இரண்டு மகள்மாரையும் ஒப்படைத்துவிட வேண்டும் என்ற பயம் அவருக்கு. இந்த வீட்டில் பயந்திருப்பது நான் மட்டும் அல்ல.

மாமி போனபிறகு அவர் அடுப்படிக்கு வந்தார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். "என்ன மகள், உங்களுக்கு விருப்பமா? செல்லுங்க" என்று கேட்டார். எங்கள் வழக்கத்தில் கல்யாணமாகாத பெண்ணிடம் கேட்பார்கள். அவள் வாய் திறக்காமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். வெட்கப்படும் பெண்ணைப் பேசச் சொல்லி வருத்தக்கூடாது என்ற இரக்கத்தில் வந்த வழக்கம் என்கிறார்கள். இருக்கலாம். நான் பேசவில்லை. தேங்காயைத் துருவிக்கொண்டே இருந்தேன், சிரட்டையும் சேர்ந்து துருவும்வரை. அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெட்கத்தால் நான் பேசாமல் இருக்கவில்லை, மகனே. தராசடியில் விழுந்த மனிதரிடம் இல்லை என்று சொன்னால் மறுபடி விழுந்துவிடுவாரோ என்று பயந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பிழை அந்த ஞாயிற்றுக்கிழமைதான். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் செய்த பிழை.

என் அக்காவை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். நான்கு வருடங்களுக்கு முன்பு அவளுடைய நிக்காஹ்வும் இதே ஹோலில்தான் நடந்தது. வாப்பா இரண்டு சாட்சிகளோடு அறைக்குள் வந்து சம்மதம் கேட்டார். ராத்தா அழுதாள். "வெக்கம், வெக்கம்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. சர்பத் தட்டோடு பதிவாளருக்குப் பின்னால் நின்று புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். ராத்தாவின் பெயரைப் பதிவாளர் எழுதியிருந்தார். அவளுக்காகக் கையெழுத்துப் போட்டது வாப்பா. அவள் கைபட்ட ஒரு புள்ளிகூட அந்தப் பக்கத்தில் இல்லை. அவள் நர்ஸாக வேண்டும் என்று இருந்தவள். நேற்று என் தலையை வாரிவிட்டபடி மெதுவாகச் சொன்னாள்: "பேசினா வெக்கமில்லாதவ எண்டுவாங்க. பேசாட்டி சம்மதம் எண்டுவாங்க. அழுதா வெக்கம் எண்டுவாங்க. நீ என்னதான் செய்யப் போற?" அவள் தன் போனை என் மடியில் வைத்துவிட்டு, "நீ அந்த வெள்ளக்காரிட கதையை முழுசா வாசிச்சிட்டுத் தா" என்றாள்.

மாப்பிள்ளையைப் பற்றியும் உனக்குச் சொல்ல வேண்டும். செவ்வாய் பகல் வாப்பாவிடம் கொடுக்க ஒரு சாக்கு சாதிக்காய் கொண்டுவந்தார். வாப்பா பள்ளிவாசலிலிருந்து இன்னும் வரவில்லை. உம்மா தேநீர் ஊற்றப் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மாப்பிள்ளை சாக்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீங்கதானா என்னைய ஜனாதிபதி ஆக்கப்போறது?"

"உங்களுக்கு ஆக விருப்பமா?"

"ஐயோ, எனக்கு ஒரு ஃபோர்ம் நிரப்பத் தெரிஞ்சாப் போதும். டவுன்ல பெரியாக்களுக்குப் பின்னேர வகுப்பு ஈக்கி. உம்மாக்கிட்டச் செல்லப் பயம்."

"இருவத்து நாலு வயசுல பயமா?"

"ஏன், உங்களுக்குப் பயமில்லையா?"

உம்மா வந்துவிட்டார். மாப்பிள்ளை சாதிக்காயின் தரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவரை வெறுக்க நான் எவ்வளவோ முயன்றிருந்தேன். முடியவில்லை. அவரிடமும் யாரும் கேட்கவில்லை. அவருக்குத் தேவை ஒரு பின்னேர வகுப்பு. கொடுக்கப்போவது ஒரு மனைவி.

இப்போது அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். ராத்தாவின் போனில் இன்று ஒரே பிற்பகலில் எல்லாவற்றையும் வாசித்தேன், ஆங்கிலம் விளங்காத இடங்களை அகராதியில் பார்த்துப் பார்த்து. அந்தப் பெண்ணுக்குக் காசநோய் இருந்தது. கணவர் ஜனாதிபதியாகி வெள்ளை மாளிகைக்குப் போனபோது இவர் பெரும்பாலும் மேல்மாடி அறையிலேயே இருந்தார். கீழே விருந்தாளிகளை வரவேற்றது மகள். பத்திரிகைகளை வாசித்து, கணவருக்குக் காட்ட வேண்டியதை வெட்டி வைப்பாராம். நல்ல செய்தியை மாலையிலும் கெட்ட செய்தியை மறுநாள் காலையிலும் கொடுப்பாராம், அவர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று. இதையும் என் பேச்சில் சேர்த்திருந்தால் மாமி இன்னும் அழுதிருப்பார்.

நான் சொல்லாமல் விட்டது வேறொன்று. எனக்கே அன்று தெரியாதது. அந்தக் குடும்பம் கறுப்பின மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்த குடும்பம். அடிமைத்தனம் ஒழிந்தபிறகு, விடுதலையானவர்களுக்கு மற்றவர்களைப் போன்ற உரிமை தரும் சட்டம் ஜனாதிபதியின் மேசைக்கு வந்தது. அவர் மறுத்து எழுதினார். அந்த நாட்டுப் பாராளுமன்றம் அவரை மீறி அதை நிறைவேற்றியது. பிறகு அவரைப் பதவியிலிருந்து இறக்க விசாரணையே நடந்தது, ஒரு வாக்கில் தப்பினார். மகனே, மறுத்து எழுதிய அந்தக் கைக்கு எழுதப் பழக்கியவர் மேல்மாடியில் இருமிக்கொண்டிருந்தார். அவருக்கு அது சரியென்று பட்டதா, பிழையென்று பட்டதா? தேடித் தேடிப் பார்த்தேன். அவரைப் பற்றி மற்றவர்கள் சொன்னதுதான் இருக்கிறது. இன்னொருவருக்கு எழுதப் பழக்கியவர் தன்னைப் பற்றித் தானே எழுதிய ஒரு பக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. எல்லோரும் அவருடைய செல்வாக்கைப் பற்றி எழுதுகிறார்கள். கணவரின் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டு, அவர் எதை எழுதினாலும் மாடியில் கேட்டுக்கொண்டிருப்பதற்குப் பெயர் செல்வாக்கு என்றால் எனக்கு அது வேண்டாம். எனக்குப் பேனா வேண்டும். அதனால்தான் பயந்து பயந்தாவது இதை எழுதுகிறேன். பிறகு என்னைப் பற்றித் தேடுகிறவன் நீயாக இருந்தால், உனக்கு ஒரு பக்கமாவது கிடைக்கட்டும்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. உனக்கு எழுத்தை நான் பழக்குவேன், ஏனென்றால் நீ சிறு பிள்ளையாக இருப்பாய். வளர்ந்தபிறகு உனக்குத் தெரியாததை நீயே போய்ப் படிக்க வேண்டும், முப்பது வயதானாலும் பின்வரிசையில் உட்கார்ந்து. உன் குறையை நிரப்ப ஒரு பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது. ஒரு பெண்ணிடம் ஏதாவது கேட்டால் பதில் வரும்வரை நில். அவள் தேங்காய் துருவினால் துருவி முடியட்டும். அவள் அழுதால், ஏன் அழுகிறாய் என்று கேள். இல்லை என்று சொன்னால் அவளை மரியாதையோடு விட்டுவிட்டு வா. வீட்டில் உனக்குச் சாப்பாடு இருக்கும், நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டேன். யாராவது உன்னைப் பெரிய ஆள் என்று புகழ்ந்தால், உன் மேல்மாடியில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை ஏறிப் பார். 

வெள்ளிக்கிழமை வாப்பா மறுபடி கேட்பார், இரண்டு சாட்சிகளோடு. பதிவுப் புத்தகத்தில் என் கை படுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி என்னிடம் கேட்பது, பதில் என்னுடையது. அதற்கு "இல்லை" என்று சொல்லப் போகிறேன். மூட்டைகளுக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை காற்றுத்தான் வந்தது. பதினோராவது தடவை எனக்கே கேட்டது.

*

இது வெள்ளி, மாலை மஃரிப் தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கொப்பியைத் திருப்பவில்லை.

அவர்கள் வந்தார்கள். ஹோலில் பதிவாளர், மாப்பிள்ளை, பத்துப் பன்னிரண்டு பேர். வாப்பா அறைக்குள் வந்தார். சாட்சிகளாகச் சாச்சாவும் பள்ளிவாசல் டிரஸ்டி ஹாஜியாரும். ராத்தா என் பக்கத்தில் இருந்தாள். வாப்பா மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, "சம்மதமா மகள்?" என்று கேட்டார். முதலில் காற்றுத்தான் வந்தது. சாச்சா வெளியே போகத் திரும்பினார், முடிந்துவிட்டது என்பது போல. ராத்தா என் முழங்கையைக் கிள்ளினாள்.

"இல்ல வாப்பா. எனக்குச் சம்மதமில்ல."

வாப்பா, "என்ன மகள்?" என்றார். நான் இன்னொரு தடவை சொன்னேன். அவர் கை நெஞ்சுக்குப் போனது. நான் எழுந்து அவர் முதுகைத் தாங்கிக் கதிரையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்தார். விழவில்லை. குடித்து முடித்ததும் மூன்றாவது தடவையும் சொன்னேன்.

"சின்னப் புள்ள, பயத்துல செல்றா. வாங்க, நாங்க போய் முடிச்சிருவோம்" என்றார் சாச்சா. இப்போது அவர் விளையாடவில்லை.

ஹாஜியார் கதவை விட்டு நகரவில்லை. "எங்கள எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? அவ செல்றதக் கேக்கத்தானே? கேட்டோம். இல்லேண்டு செல்லிட்டா. வேற மாதிரி போய்ச் செல்ல என்னால ஏலா. நான் சாட்சி." ராத்தாவின் நிக்காஹ்வில் "வெக்கம்" என்று சிரித்தவர்களில் அவரும் ஒருவர். அவர் ராத்தாவின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

ஹோலில் சத்தம் கூடியது. மாமி வாசலுக்கே வந்துவிட்டார். "மேடையில அப்புடிப் பேசின வாயா இது!"

"அதே வாய்தான் மாமி" என்றேன். "அண்டைக்கு ஒரு வரியை வெட்டிட்டேன். அதைத்தான் இண்டைக்குச் செல்றேன்."

பதிவாளர் புத்தகத்தை மூடினார். மாப்பிள்ளை தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கோப்பையைத் தானே கொண்டுவந்து அடுப்படி வாசலில் வைத்தார். உள்ளே பார்க்காமல், "வகுப்பு திங்கக்கிழமை தொடங்குதாம்" என்று சொல்லிவிட்டுத் தாயின் பின்னால் போனார்.

வாப்பா அந்தக் கதிரையிலேயே இருக்கிறார். உம்மா அழுகிறார். நாளைக்குத் தெருவில் என்னவெல்லாம் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். சற்று முன்பு வாப்பாவிடம் போய், "வாப்பா, திங்கக்கிழமை நான் ஸ்கூலுக்குப் போகட்டா? பரீட்சை எழுதட்டா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவில்லை, மகனே. அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் கொப்பி இருக்கிறது. அவர் வாய் திறந்து பதில் சொல்லும்வரை இங்கேதான் இருப்பேன்.

நீ வரவேண்டிய நாளைத் தானே சொல்லப்போகிற,
உன் உம்மா